இறங்கியதும் மலை ஏறுவதா, கீழே ஒரு ராத்திரி தங்குவதா?

போன டிசம்பரில் என் தம்பி குடும்பத்தோடு நியூ ஜெர்சியிலிருந்து வந்தான். மொத்தம் 14 நாள் விடுமுறை. "எங்கேயும் தங்க வேண்டாம் அக்கா, நேரா வீட்டுக்கே வந்துடறோம். அம்மா கையால ரசம் சாப்பிட்டாத்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்" என்றான். எனக்கும் அதுதான் ஆசை. விடிகாலையில் சென்னையில் இறங்கி, அடுத்த விமானத்தில் கோவை வந்து, அங்கிருந்து காரில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறினார்கள். பாதி மலையில் சின்னவள் வாந்தி எடுத்தாள். ஓரமாக நிறுத்தி முகம் கழுவிவிட்டுக் கிளம்பினால் இரண்டு வளைவு தாண்டி மறுபடியும். வீட்டு வாசலில் வந்து நின்றபோது மதியம் 2 மணி. தேயிலைத் தோட்டமே தெரியாத அளவுக்கு மூடுபனி. ரசம் அடுப்பிலேயே ஆறியது. நான்கு பேரும் கம்பளிக்குள் புகுந்தவர்கள் ராத்திரி 10 மணிக்குத்தான் எழுந்தார்கள். அப்புறம் விடிய விடிய வீட்டில் விளக்கு எரிந்தது. 14 நாளில் 6 நாள் இப்படியே போய்விட்டது.

இந்த டிசம்பரிலும் வருகிறார்கள். அம்மாவுக்கு வயது ஆகிக்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு அவர் பேசி உட்காரும் நாட்களை இன்னொரு முறை தூக்கத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் இறங்கிய அன்றே மலை ஏறுவதா, கீழே ஒரு ராத்திரி தங்குவதா, சென்னை சொந்தக்காரர்கள் வீட்டில் மூன்று நாள் இருந்து தூக்கத்தைச் சரிசெய்துகொண்டு வருவதா என்று மூன்றையும் வைத்து யோசித்தேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் மலைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெட் லாக் என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வெறும் அலுப்பு. இருபது இருபத்துநான்கு மணி நேரம் உட்கார்ந்தே வந்தது, ஈரமில்லாத விமானக் காற்று, அரைத் தூக்கம், நேரம் கெட்ட சாப்பாடு. நல்ல தூக்கம் ஒன்று தூங்கினால் இது போய்விடும். இன்னொன்று, உடல் கடிகாரம். மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சின்ன நரம்புக் கூட்டம் அது. எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடம்புச் சூடு இறங்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அதுவும் மெதுவாகத்தான். கிழக்கே பறந்தவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேற்கே பறந்தவருக்கு ஒன்றரை மணி நேரம். மனித உடம்பின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் முன்னால் இழுப்பதைவிட (வழக்கத்தைவிடச் சீக்கிரம் தூங்கி எழுவது) பின்னால் தள்ளுவது (தாமதமாகத் தூங்கி எழுவது) அதற்கு எளிது.

அலுப்புக்கு ஒரு ராத்திரி போதும். கடிகாரத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலே ஆகும். எங்கே தங்குவது என்ற கேள்விக்கான விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது.

சென்னையில் மூன்று நாள் என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிட்டேன். மூன்று நாளில் கடிகாரம் மூன்று நான்கு மணி நேரம்தான் நகரும். நியூ ஜெர்சிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 10.30 மணி நேர வித்தியாசம். ஆக, மீதியை எப்படியும் மலையில்தான் கழிக்க வேண்டும். தவிர, சொந்தக்காரர் வீடு என்றால் மதியம் ஏசி அறையில் திரை போட்டுத் தூக்கம், ராத்திரி 10 மணிக்கு விருந்து, 12 மணி வரை பேச்சு. கடிகாரம் குழம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆசைக்காகத் தங்குவதென்றால் திரும்பிப் போகும்போது தங்கட்டும். சென்னையிலிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்குவது எனக்கு மிகவும் பிடித்த பயணம்தான். ஆனால் விமானத்தில் தூங்காதவர் அடுத்த ராத்திரியையும் ரயில் பெர்த்தில் கழிக்க வேண்டாம். அங்கே இறங்கியதும் மலை ரயிலையும் பிடிப்போம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 208 வளைவு, 16 குகை, ஊட்டி சேர ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஐந்தாவது நாளுக்கு மேல் வைத்துக்கொண்டால்தான் ஜன்னல் வழியே பார்க்கப் பிள்ளைகளுக்குக் கண் திறந்திருக்கும்.

நேராக ஏறுவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சொந்தப் படுக்கை, அம்மா சமையல், ஒரு நாள் மிச்சம். மலைக் குளிரும் தூக்கத்துக்கு நல்லதுதான், உடம்புச் சூடு இறங்கினால்தானே தூக்கம் பிடிக்கும். உயரத்தை நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான். கோத்தகிரி, குன்னூர் 6,000 அடி அளவு, ஊட்டி 7,350 அடி. அதாவது அவர்கள் மணிக்கணக்காக நம் மலைக்காற்றைப் போன்ற ஒன்றைச் சுவாசித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

சிக்கல் பாதையில்தான். காலை 11 மணிக்குக் கோவையிலிருந்து கிளம்பினால் நியூ ஜெர்சி உடம்புக்கு அது நள்ளிரவு 12.30. நடு ராத்திரியில், தூக்கம் கெட்ட வயிற்றோடு, வளைந்து வளைந்து மலை ஏறுகிறோம். பிள்ளைகள் வாந்தி எடுப்பதில் ஆச்சரியமில்லை. வாந்தி மாத்திரை கொடுத்தால் அதுவே தூக்கத்தைக் கூட்டும், வீடு சேர்ந்ததும் சாயங்காலம் முழுக்கத் தூங்கிவிடுவார்கள். வண்டி ஓட்டுபவர் விஷயமும் இருக்கிறது. விடிகாலை விமானத்துக்காக ராத்திரியெல்லாம் விமான நிலைய வாசலில் காத்திருந்தவரையே மலை ஏற்றச் சொல்கிறோம். பின் சீட்டில் இருப்பவர் தூங்கினால் பரவாயில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கண் அசந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை "நானே ஓட்டுகிறேன் அப்பா" என்று சாவியை வாங்கினால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். முதல் மூன்று நாள் மலைப்பாதையில் அவர் ஓட்டவே கூடாது.

பெங்களூரில் இறங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கு. பந்திப்பூர் காட்டுச்சாலை ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை இருக்கிறது. சாயங்காலம் இறங்கிவிட்டு "ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று கிளம்பினால் கேட்டில்தான் நிற்க வேண்டும். அப்படி இறங்குபவர்கள் மைசூரில் தூங்கிவிட்டுக் காலையில் காட்டைக் கடக்கட்டும். வெளியூர் வண்டி என்றால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போனில் அதைப் பதிவு செய்வது பெரிய பாடு.

ஆக, என் முடிவு இது. அமெரிக்கா, கனடாவிலிருந்து வருபவர்கள் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரே ஒரு ராத்திரி தங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். அலுப்பைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மறுநாள் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு, வயிற்றில் இரண்டு இட்லியோடு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறட்டும். லண்டனிலிருந்து வரும் என் மகளுக்கு இது தேவைப்படவில்லை. ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான், விமானத்திலும் கொஞ்சம் தூங்கி வருவாள், அன்றைக்கே ஏறிவிடுகிறாள். துபாய்க்காரர்களுக்கு ஒன்றரை மணி நேரம், சிங்கப்பூர்க்காரர்களுக்கு இரண்டரை மணி நேரம். அவர்கள் நேராக வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரலாம்.

இனி மேலே வந்த பிறகு என்ன செய்வது? இதில்தான் எல்லோரும் ஒரே வைத்தியத்தைச் சொல்கிறார்கள்: "காலையில் எழுந்து வெயிலில் நட, சரியாகிவிடும்." எங்கிருந்து வந்தார் என்று கேட்காமல் இதைச் சொல்லக்கூடாது. தப்பான நேரத்து வெயில் கடிகாரத்தைத் தப்பான பக்கம் தள்ளும்.

விஷயம் இதுதான். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 4, 5 மணி வாக்கில், உடம்புச் சூடு மிகவும் இறங்கியிருக்கும். அந்தப் புள்ளிக்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னால் இழுக்கும். லண்டன்காரருக்கு அந்த நேரம் டிசம்பரில் நம் ஊர்க் கணக்கில் காலை 9.30 முதல் 10.30. அவருக்குத் தேவை முன்னால் இழுப்பது. அவரை முதல் நாளே சூரிய உதயம் காட்டுகிறேன் என்று விடியலில் எழுப்பி அழைத்துப் போனால், பாசத்தோடு செய்யும் கெடுதல் அது. 11 மணிக்கு மேல் வெயிலில் உட்கார வைத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்தால் போதும்.

நியூ ஜெர்சிக்காரருக்கு அந்தப் புள்ளி மதியம் 2.30, 3 மணி. இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் உடம்பு இரண்டு பக்கமும் போகலாம். முன்னால் போனால் பத்தரை மணி நேரம், பின்னால் போனால் பதின்மூன்றரை. பின்னால் போவது வேகம் என்பதால் இரண்டுக்கும் ஆகும் நாட்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். போன வருஷம் ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்தேன். தம்பி சாயங்காலம் 7 மணிக்கே சாய்ந்து, 3 மணிக்கு எழுந்து சமையலறையில் வர்க்கி டப்பாவைச் சத்தம் வராமல் திறக்கப் பார்ப்பான். அவன் மனைவி ராத்திரி 3 மணி வரை கண் மூடாமல் கிடந்து, பகல் 11 மணிக்கு எழுவாள். அவள் அங்கே 5 மணிக்கே எழுபவள், இவன் ராத்திரி நெடுநேரம் விழித்திருப்பவன். அங்கே ராத்திரி 11 மணி என்றால் இங்கே காலை 9.30. அங்கிருந்து அவள் கடிகாரம் முன்னால் நகர்ந்து விடிகாலை 3 மணிக்கு வந்தது, இவனுடையது பின்னால் நகர்ந்து சாயங்காலம் 7 மணிக்குப் போனது. ஒரு வாரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "என்ன அக்கா, எங்க ரெண்டு பேருக்கும் வேற வேற ஊர் நேரமா இருக்கு" என்று அவள் கண் கலங்கியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆகவே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வது நல்லது. மலைக்கு ஏற்றது பின்னால் தள்ளும் வழி என்று எனக்குப் படுகிறது. காரணம் நம் வானம். டிசம்பரில் மழை விட்ட நாட்களில் காலை 8 முதல் மதியம் 1 வரை பளீரென்று இருக்கும், அப்புறம் மூடுபனி ஏறிவிடும். முதல் நாள் அவர்களுக்குத் தேவையான வெளிச்சம் அந்தக் காலை நேரத்தில்தான் கிடைக்கிறது. மதியச் சாப்பாடு வரை வெளியே இருக்கட்டும். மூன்று மணிக்கு மேல் திரை இழுத்த அறையில் ஒன்றரை மணி நேரம் தூங்கட்டும். மறுநாள் அந்த "உள்ளே போகும்" நேரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளி வையுங்கள், அதற்கடுத்த நாள் இன்னும் ஒன்றரை. மூன்றாம் நாளில் சாயங்காலம் வரை வெளியே இருக்கலாம். மூடுபனியாக இருக்கிறதே என்று உள்ளே உட்கார வேண்டாம். லக்ஸ் என்ற வெளிச்ச அளவில் வீட்டு விளக்கு சில நூறுதான், மேகம் மூடிய பகலில் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வாசல் திண்ணையில் சால்வை போர்த்தி உட்கார்ந்தாலே போதும்.

கலிபோர்னியாவிலிருந்து வருபவர்களுக்குக் குளிர்காலத்தில் 13.30 மணி நேரம், கிட்டத்தட்ட பகல் ராத்திரியே தலைகீழ். அவர்களுக்கும் பின்னால் தள்ளுவதுதான் வழி. பகல் முழுக்க, குறிப்பாக மதியத்துக்கு மேல், வெளியே இருந்தால் போதும், கணக்குப் போட வேண்டியதில்லை.

கம்பளிதான் மலையில் பெரிய எதிரி. கீழே வெயிலில் பகல் தூக்கம் புழுக்கத்தால் தானே கலைந்துவிடும். இங்கே நான்கு மணி நேரம் ஆனாலும் கலையாது. அலாரம் வைத்து, தேநீரோடு போய் எழுப்ப ஒருவர் வேண்டும். என் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. அவர் போய் நெற்றியில் கை வைத்தால் யாரும் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதில்லை. அந்தத் தேநீரே பகலின் கடைசித் தேநீராக இருக்கட்டும். காபி, டீயில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து ஆறு மணி நேரம் பிடிக்கிறது.

இனி மாத்திரைகள். மெலடோனின் என்பது இருட்டியதும் உடம்பே சுரக்கும் பொருள்தான். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் எடுத்தால் அது உதவுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. அரை மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராம் வரை எல்லா அளவும் ஏறக்குறைய ஒரே பலன், அதிக அளவில் கொஞ்சம் சீக்கிரம் தூக்கம் வரும், அவ்வளவுதான். வலிப்பு நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்க மாத்திரை வேறு. அது தூங்க வைக்கும், கடிகாரத்தை நகர்த்தாது. விமானத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுவார்கள். பெரியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தூக்கத்துக்காக ஒரு பெக் என்பதையும் அதோடு சேர்த்து விட்டுவிடலாம், பாதி ராத்திரியில் முழிப்புத்தான் வரும். வெயிலையும் மெலடோனினையும் பக்கத்தில் வைத்தால் நான் வெயிலைத்தான் முதலில் சொல்வேன். பெரியவர்களில் வெயில் மட்டும் போதாதவருக்கு நாலைந்து ராத்திரி மெலடோனின் துணையாக இருக்கட்டும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் கிளம்புவதற்கு முன்பே, எந்த ஊசியை எந்த ஊர் நேரப்படி போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா ஆறு மாதம் தம்பி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது அந்த ஒரு தாள்தான்.

3 மணிக்கு முழிப்பு வந்தால்? மலையில் இதற்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும். நியூ ஜெர்சியில் பழகிய கால்கள் "சும்மா ஒரு வாக்கிங்" என்று ஷூ மாட்டக் கிளம்பும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ராத்திரியும் விடிகாலையும் கரடி, காட்டெருமை, சில இடங்களில் சிறுத்தை நடமாடும் நேரம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் காட்டெருமை பத்தடி தூரத்தில் வரும்வரை தெரியாது. நன்றாக விடிந்து, தோட்டத்துக்கு ஆட்கள் நடமாட ஆரம்பிக்கும்வரை வாசல் கதவைத் திறக்க வேண்டாம். அந்த நேரத்தில் பெரிய விளக்கும் வேண்டாம், போனும் வேண்டாம். பின்னால் தள்ளும் வழியில் போகிறவருக்கு, நாலைந்து நாள் கழிந்த பிறகு 3 மணி வெளிச்சம் போன தூரத்தைத் திரும்ப இழுக்கும். சின்ன மஞ்சள் விளக்கு, ஒரு டம்ளர் சூடான பால், பசித்தால் இரண்டு வர்க்கி. தூக்கம் வராவிட்டாலும் படுத்தே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ மூன்று நான்கு நாளுக்கு மட்டும் வருபவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அவர்கள் கடிகாரத்தைத் திருப்ப முயலவே வேண்டாம், பாதி திருப்பும்போது திரும்பிப் போக வேண்டியிருக்கும். முடிந்தவரை அங்கத்திய ராத்திரியோடு ஒட்டும் ஒரு நான்கு மணி நேரத்தைத் தினமும் மாறாமல் தூங்கிவிட்டு, மீதியை மதியத்தில் துண்டு துண்டாகத் தூங்கிக்கொள்ளட்டும். துக்க வீட்டில் ஒருவர் பகலில் தூங்குவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வீட்டுப் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பியிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். ஒரு நாள் வீணாகிறதே என்று முதலில் தயங்கினான். போன வருஷம் போன ஆறு நாளை எண்ணிக் காட்டினேன். "சரிக்கா, நீ சொன்னபடியே செய்" என்றான். கோவையில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை சொல்லிவிட்டேன். எங்கள் தெருவில் இருக்கும் டிரைவர் தம்பி அன்றைக்கு ராத்திரி தன் வீட்டிலேயே தூங்கிவிட்டு, காலை 6 மணிக்கு இங்கிருந்து இறங்குவார். திண்ணையில் வெயில் விழும் பக்கம் பழைய பிரம்பு நாற்காலிகள் நான்கையும் துடைத்துப் போட்டிருக்கிறேன். ரசத்துக்கு இரண்டாம் நாள் மதியம் 12 மணி என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.